நியூசிலாந்து மலைக்குத் துப்பாக்கியும் மூட்டையும்: எடையை எங்கே குறைப்பது?

தராசுக்கடை, விக்கிரமசிங்கபுரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 49. இருபத்தாறு வருடமாக ஊரார் சரக்கின் எடையைச் சரிபார்த்துக் கொடுத்தவன், இப்போது என் முதுகில் ஏறப்போகிற எடையைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறான். ஜூன் மாதம் எங்களை வரச் சொல்லியிருக்கிறான். அங்கே வேட்டை சட்டத்துக்கு உட்பட்டது. அவனிடம் துப்பாக்கி உரிமமும் இருக்கிறது. "அத்தான், ஒரு தடவை மலைக்கு வாருங்கள்" என்று ஐந்து வருடமாகக் கூப்பிடுகிறான். இரண்டு இரவு மலைக்குடிலில் தங்கி, இமயமலை வரையாட்டைத் தேடிப் போவதாகத் திட்டம். உரிமம் இல்லாதவன், உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். இதைச் சொல்லும்போதே கூடவே இன்னொன்றும் சொன்னான்: போன வருடம் அவனுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் பாதி வழி துப்பாக்கியை நான்தான் தூக்க வேண்டுமாம். அழைப்பின் முழு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

தொழில் புத்தி விடுமா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றித் தராசில் வைக்கச் சொல்லி வீடியோவில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதலில் அவனுடைய சமையலறைத் தராசையே சோதித்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து வைக்கச் சொன்னேன். பாத்திரத்தைக் கழித்து 1,004 கிராம் காட்டியது. என் கடைக்கு வந்திருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன், இப்போதைக்குப் போதும். துப்பாக்கியை மட்டும் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டான்.

துப்பாக்கி 308 ரகம் (தோட்டாவின் அளவு), ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடுவது. வால்நட் மரத்தில் செய்த பிடிக்கட்டை, 22 அங்குலக் குழல். வெறும் துப்பாக்கி 3,350 கிராம். அதன்மேல் பெரிய ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கி (50 மி.மீ. கண்ணாடி, பதினாறு மடங்கு) 690, அதைப் பிடித்திருக்கும் எஃகு வளையங்கள் 210, பைபாட் என்கிற இரட்டைக் கால் 370, சத்தம் குறைக்கும் சைலன்சர் 440, தோல்வார் 190, நான்கு தோட்டா 96. மொத்தம் 5 கிலோ 346 கிராம். ஐந்தரைக் கிலோ அரிசிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் மலை ஏறுவானா?

என் மூட்டை அதைவிட மோசம்: 16.8 கிலோ. பை மட்டும் 2.9. உறங்குபை 2.1. மூன்று லிட்டர் தண்ணீர், பாட்டில்களோடு 3.15. ஜீன்ஸ் இரண்டு 1.44. சாப்பாட்டுச் சாமான் 3.4. பைனாகுலர் 900 கிராம், மூன்று செல் டார்ச் 610, எவர்சில்வர் தூக்கு 540, குடை 420. பாக்கி சில்லறை. குடை வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். மழை பெய்யும் ஊர் என்று அவள் மாமாவே சொல்லியிருக்கிறான், பிறகு குடை இல்லாமல் எப்படி?

மச்சினன் இரண்டு யோசனை வைத்திருக்கிறான். ஒன்று, குழலில் நான்கு அங்குலம் வெட்டிவிடுவது. இரண்டு, மரக்கட்டையை எடுத்துவிட்டு கார்பன் நார்க் கட்டை போடுவது. இரண்டாவதன் விலையைக் கேட்டு என் மனைவி போனை வைத்துவிட்டாள்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். என் தொந்தியைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

பாளை மாணவன்

துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு கேமராவை எடுத்துப் போங்கள் ஐயா. எடையும் மிச்சம், பாவமும் மிச்சம்.

தராசுக்கடை, விக்கிரமசிங்கபுரம்

தம்பி, கூந்தன்குளத்தில் பறவை படம் எடுக்கிறவர் ஒருவர் தன் 200-500 மி.மீ. லென்சை என் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தார். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. அதற்குப் பின்னால் கேமரா, அதற்குக் கீழே முக்காலி. பாவம் மிச்சமாகலாம், எடை மிச்சமாகாது.

சங்கரன்கோவில், இப்போது டுனெடின்

அண்ணாச்சி, பதினோரு வருடமாக நியூசிலாந்தின் இந்தத் தெற்குத் தீவில் மலை ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மச்சினன் காசு அதிகம் ஆகும் இடத்தில் கை வைக்கிறார், கிராம் அதிகம் உள்ள இடத்தை விட்டுவிட்டார்.

ஸ்கோப்பை முதலில் பாருங்கள். 50 மி.மீ. கண்ணாடியும் பதினாறு மடங்கு பெரிதாக்கலும் தூரத்தில் பலகையைச் சுடுபவர்களுக்குத்தான் உதவும். மலையில் மூன்று முதல் ஒன்பது மடங்கு, 40 மி.மீ. கண்ணாடி போதும். என்னுடையது 360 கிராம். எஃகு வளையங்களுக்குப் பதில் அலுமினியம் போட்டால் 90 கிராம். பைபாட் தேவையே இல்லை. பையைக் கழற்றிப் பாறைமேல் வைத்து அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தால் அதைவிட உறுதியான தாங்கல் கிடையாது. தோல்வார் மழையில் ஊறினால் இன்னும் கனக்கும். நைலான் வார் 90 கிராமில் கிடைக்கிறது. இந்த நான்கையும் கூட்டிப் பாருங்கள்.

ஸ்கோப்பைக் கழற்றி மாற்றினால் மறுபடி 100 மீட்டரில் பலகையைச் சுட்டுக் குறியைச் சரிசெய்தே ஆக வேண்டும். அதை மலைக்குப் புறப்படும் நாள் காலையில் செய்யலாம் என்று உங்கள் மச்சினன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சைலன்சரில் கை வைக்க வேண்டாம். இங்கே அது எல்லோரும் மாட்டுவது. காதைக் காப்பாற்றுகிறது, தோளில் விழும் உதையையும் குறைக்கிறது. எடை குறைத்த துப்பாக்கி முரட்டுத்தனமாக உதைக்கும் என்பதை இந்த எடைப் பைத்தியங்கள் மறந்துவிடுகிறார்கள். தோட்டா அதேதான், அது பின்னால் தள்ளும் உந்தமும் அதேதான்; வாங்கிக்கொள்ளும் துப்பாக்கியின் எடை குறைந்தால் உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். நான்கு கிலோவை மூன்றாக்கினால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தோளில் தையல் போட்ட மனிதர் கார்பன் கட்டை கேட்கிறார் என்றால், முதல் குண்டுக்குப் பிறகு அவர் துப்பாக்கியை முழு வழியும் உங்களிடமே கொடுத்துவிடுவார். இன்னொன்று, மூச்சு வாங்கும்போது லேசான துப்பாக்கி கையில் நிற்காது. மேல்மூச்சு வாங்கிக்கொண்டு முகட்டில் போய்ப் படுத்தவுடன், கொஞ்சம் கனம் இருந்தால்தான் குறி ஆடாமல் இருக்கும்.

குழலை எடைக்காக வெட்ட வேண்டாம். சைலன்சரோடு சேர்ந்து நீளம் கூடிப் புதரில் மாட்டுகிறது என்றால் வெட்டலாம், அதுவும் துப்பாக்கி செப்பனிடும் தொழிலாளியிடம் மட்டும். (மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் இந்த நாட்டுச் சட்டம் அதைக் கைத்துப்பாக்கி என்று கணக்கெடுக்கும். உங்கள் துப்பாக்கி நான்கு அங்குலத்தில் அந்த எல்லைக்கு வராது.)

இனி உங்கள் மூட்டை. குடையைப் பார்த்துச் சிரித்து முடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகட்டுக் காற்றில் அது குடையாக இருக்காது. மழைக்கோட்டு வாங்குங்கள். ஜீன்ஸ் இரண்டையும் கிறைஸ்ட்சர்ச் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜூன் இங்கே குளிர்காலம். கம்பளி உள்ளாடை ஒன்று கட்டாயம். தண்ணீர் ஒரு லிட்டர் போதும், ஓடைக்கு ஓடை நிரப்பிச் சுத்திகரிப்பு மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.

குறைக்கவே கூடாதது ஒன்று: ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் சிறு கருவி. சுமார் 150 கிராம். மச்சினனிடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கடைசியாக விமான நிலையம். சாப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் அறிக்கைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் பையில் ஒரு பழம் கிடந்தாலும் 400 டாலர் அபராதம். தேனைக் கொண்டுவரவே வேண்டாம். பூட்ஸின் அடியில் ஊர் மண் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கழுவச் சொல்வார்கள். பாபநாசம் சேற்றைப் பல் தேய்க்கும் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

கடையம் வாழைத்தோப்பு

எனக்கு ஒரு கேள்வி. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 1,303தான் இருந்தது. அதன் பங்காளியைச் சுடுவதற்கு விமானம் ஏறிப் போகிறீர்கள், அதற்கு இங்கே எடைக்கணக்கு வேறு.

என் தாத்தாவிடம் பயிர் காக்கிற உரிமத்தில் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. மூன்று கிலோ இருக்கும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிவர வேண்டும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையில் பாதி அந்த நடைதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுக்குள் அதற்கு வேலையும் இல்லை. தோப்பில் பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவே. அவர் ஒன்று சொல்வார்: ஜமீன் காலத்து வேட்டையில் ஜமீனுக்குத் துப்பாக்கியின் எடை தெரியாது, தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவனுக்குத்தான் தெரியும் என்று. உங்கள் கதையில் மச்சினன் ஜமீனாகிவிட்டார் போலிருக்கிறது.

சங்கரன்கோவில், இப்போது டுனெடின்

கடையத்து அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. இமயமலை வரையாட்டை 1904இல் இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் அன்பளிப்பாகக் கொண்டுவந்து மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள். தின்பதற்கு மலைச் செடிகள், கொன்று தின்ன எந்த விலங்கும் இல்லை. பெருகிவிட்டது. 1993இல் அரசு வகுத்த கட்டுப்பாட்டுத் திட்டத்தின் உச்சவரம்பு பத்தாயிரம். அதற்கு மேல் போனால் ஹெலிகாப்டரில் போய் அரசே சுடுகிறது. நாங்கள் சுட்டால் இறைச்சியாவது வீட்டுக்கு வருகிறது.

பங்காளி உறவும் முன்போல இல்லை. 2005இல் மரபணுவை ஆராய்ந்து நம் வரையாட்டைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். நம்முடையது செம்மறிக்கு நெருக்கம், இமயமலையது வெள்ளாட்டுக்கு நெருக்கம்.

கடையம் வாழைத்தோப்பு

பங்காளி இல்லை என்றால் சம்பந்தி என்று வைத்துக்கொள்கிறேன். மனம் ஒப்பவில்லை. ஆனாலும் குடையை வைத்துவிட்டுப் போங்கள்.

சுரண்டை ஹவில்தார் (ஓய்வு)

எங்கள் காலத்து ராணுவத் துப்பாக்கி, 7.62 எஸ்.எல்.ஆர்., காலியாகவே நான்கு கிலோவுக்கு மேல். பிறகு வந்த இன்சாஸ் துப்பாக்கியும் மேகசின் (தோட்டாப் பெட்டி) இல்லாமல் நான்கைத் தாண்டும். அதோடு முதுகில் பிட்டு என்கிற ராணுவ முதுகுப்பை, இடுப்பில் தண்ணீர்க்குப்பி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எடையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை, ஆகையால் எடையை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டோம்.

தராசுக்காரர் தராசில் காட்டாத ஒன்று இருக்கிறது. பத்துக் கிலோ பைக்கு அடியில் கிடந்தால் பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், ஒரு மணி நேரத்தில் இடுப்பு போய்விடும். அதே பத்துக் கிலோ தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகோடு ஒட்டி இருந்தால் உடம்போடு சேர்ந்து வரும். உறங்குபை அடியில், கனமானது நடுவில் முதுகை ஒட்டி, துணிமணி வெளிப்புறம். இடுப்பு வாரை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு தோள்வாரை இழுங்கள். சுமையை இடுப்பெலும்பு தாங்க வேண்டும், தோள் தாங்கக் கூடாது.

பூட்ஸை நிறுத்தீர்களா? எழுதவே இல்லையே. காலில் ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறுகிறவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்கிறோம் அல்லவா? அதற்காக மெல்லிய கேன்வாஸ் வாங்கிவிட வேண்டாம், கணுக்காலைப் பிடிக்க வேண்டும்.

துப்பாக்கி தூக்கும் நேரத்தில் குழலறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா கூடாது. சுடுகிற இடம் வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். மச்சினனுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நீங்களும் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே கையில் வாங்குங்கள். கொடுப்பவர் போல்ட்டைத் திறந்து காட்டிக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் என்று கூச்சப்பட வேண்டாம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். ஏறும் எடையை எல்லோரும் பேசுகிறீர்கள். ஆடு விழுந்தால் இறங்கும்போது யார் தூக்குவது?

சங்கரன்கோவில், இப்போது டுனெடின்

ஹவில்தார் ஐயா கேட்டது நான் விட்டுவிட்டது. எலும்பை நீக்கி எடுத்தாலும் ஆளுக்குப் பத்துக் கிலோ சுமை கூடும், ஆடு பெரிதானால் இன்னும் கூடும். அதனால்தான் 2.9 கிலோ பையை மாற்றச் சொல்லவில்லை. ஒரு கிலோப் பை வாங்கினால் ஏறும்போது சுகம், இறங்கும்போது வார் அறுந்து நிற்பீர்கள். தோட்டாவும் அப்படித்தான். ஒன்று 24 கிராம் என்று உங்கள் கணக்கே சொல்கிறது. இருபது கொண்டுபோகிறவர்கள் உண்டு, அரைக்கிலோ ஈயமும் பித்தளையும். பத்து போதும்.

தராசுக்கடை, விக்கிரமசிங்கபுரம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் குழல் கணக்கு. வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்று நானே போட்டுப் பார்த்தேன். முனையில் வெளிவிட்டம் 15 மி.மீ. என்று மச்சினன் அளந்து சொன்னான், துளை 7.62 மி.மீ., எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். ஓர் அங்குலத்துக்கு 26 கிராம் வருகிறது. நான்கு அங்குலத்துக்கு 104. உள்ளே போகப் போகக் குழல் தடிக்கும் என்பதால் 120 என்றே வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கூலி கொடுத்து, குண்டின் வேகத்தையும் இழந்து... அவனுடைய தோல்வாரை மாற்றினாலே 100 கிராம். கணக்கை எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் ஒரு நாள் கழித்து "சரி அத்தான்" என்று வந்தது.

ஸ்கோப்பில் 330, வளையத்தில் 120, பைபாடில் 370, வாரில் 100, மொத்தம் 920. துப்பாக்கி இப்போது 4 கிலோ 426 கிராம். உதை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று டுனெடின் தம்பி சொன்ன கணக்கில் தெரிகிறது. அதற்கு மேல் குறைக்கவில்லை, வால்நட் கட்டை அப்படியே இருக்கட்டும்.

மூட்டை: ஜீன்ஸ் போயிற்று, குடை போயிற்று, தூக்கு போயிற்று. டார்ச்சுக்குப் பதில் நெற்றி விளக்கு 90 கிராம். தண்ணீர் ஒரு லிட்டர். பைனாகுலர் அவனுடையதை இருவரும் பார்ப்போம். உறங்குபை அவன் நண்பருடையது, இறகு வைத்தது, 1.1 கிலோ. சாப்பாட்டை 1.9 ஆக்கினேன். மழைக்கோட்டும் கம்பளி உள்ளாடையும் சேர்த்து 850 ஏறியது. முடிவில் 9 கிலோ 230 கிராம். மேலே ஒரு 250 கிராம் பருப்புப் பொடி, அது விவாதத்துக்கு உரியது அல்ல என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். படிவத்தில் எழுதிவிடுவேன். சைகைக் கருவி அவனிடம் இருக்கிறது, பேட்டரி காலாவதித் தேதியையும் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பூட்ஸ் ஜோடி 1,700 கிராம். ஹவில்தார் ஐயா சொன்னதைப் படித்தபிறகு அதை முழு ஒரு நிமிடம் தராசிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிது வாங்கவில்லை.

பயிற்சிக்கு அகஸ்தியர் அருவியிலிருந்து கல்யாண தீர்த்தம் போகும் படிகளில் ஏறினேன். பாரத்துக்குக் கடை எடைக்கற்கள், இரண்டு ஐந்து கிலோவும் ஒரு இரண்டு கிலோவும். அரசு முத்திரை போட்ட பாரத்தோடு படி ஏறிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் நாள் கற்களைப் பைக்கு அடியில் போட்டேன், ஒவ்வொரு படிக்கும் முதுகெலும்பில் ஒரு இடி. மறுநாள் ஹவில்தார் ஐயா சொன்னபடி போர்வையில் சுற்றி நடு முதுகில் வைத்துக் கட்டினேன். அதே பன்னிரண்டு கிலோ என்று என் கை நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்தேன். ஏறுவதில் குறையில்லை, இறங்கும்போது முழங்கால் பேசுகிறது. இறைச்சியோடு இறங்குவதை நினைத்து ஒரு கம்பு வெட்டி வைத்திருக்கிறேன். குரங்குகள் எடைக்கல் சுற்றிய போர்வையைச் சாப்பாடு என்று நினைத்துப் பின்னாலேயே வந்தன.

பாக்கி ஒரே ஒரு தகராறு. பைபாடைக் கழற்ற மச்சினன் மனமில்லாமல் இழுக்கிறான். காசு கொடுத்து வாங்கியதாம். அவன் தூக்கும் பாதி வழிக்கு மாட்டிக்கொள்ளட்டும், என் கைக்கு வரும்போது கழற்றி அவன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். 370 கிராம், அவன் கணக்கில்.